பறித்த கொழுந்தும் எடுத்த சிறுநீரகமும்

(ஸ்பிரிங்வெளியில் நடைபெற்ற சுகாதார தினக் கூட்டத்தில் தோட்ட வைத்திய உதவியாளர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தருகிறோம்.)



நான் இப்போது வேறொரு தோட்டத்தில் வைத்திய உதவியாளராக வேலை செய்கிறேன். ஆனால் இந்தத் தோட்டத்துப் பிள்ளைதான். அறிவிப்பாளர் என்னை "ஐயா" என்றார். முன் வரிசையில் இருக்கிற எங்க சித்தி "டேய்" என்றுதான் கூப்பிடுவாங்க. ஆகவே உங்கள் வீட்டுப் பையன் பேசுகிறான் என்று நினைத்துக் கேளுங்கள்.

சுகாதார தினம் என்றால் டெங்கு, எலிக்காய்ச்சல், மலசலகூடம் என்று பேசுவது வழக்கம். அதையெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர் நன்றாகவே பேசிவிட்டார். நான் சொல்லப் போவது ஒரு வான் பயணத்தைப் பற்றி.

என் தம்பியை உங்களில் பலருக்குத் தெரியும். ஸ்டோரில் வேலை செய்தவன். சீனி வருத்தமும் பிரஷரும் இருந்தும் மருந்தை ஒரு மாதம் குடிப்பான், இரண்டு மாதம் விடுவான். கால் வீங்கி, மூச்சு வாங்கி, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறைய வேலை நிறுத்தம் செய்துவிட்டன. அன்றிலிருந்து டயலிசிஸ். மெசினில் நாலு மணி நேரம் படுத்திருந்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். வாரத்தில் இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள். போய் வந்த நாளில் வேலைக்குப் போக முடியாது, மறுநாளும் முடியாது.

என்னுடைய சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்கலாம் என்று பரிசோதனைக்குப் போனேன். "உங்களுக்கே சீனி இருக்கு, உங்ககிட்ட எடுக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்கெல்லாம் சீனி பார்க்கிற எனக்கு என் சீனி தெரியவில்லை, பாருங்க! தங்கச்சிக்கு இரத்த வகை பொருந்தவில்லை. அதனால் இறந்தவர்களிடமிருந்து கிடைக்கிற சிறுநீரகத்துக்காகப் பட்டியலில் பேரைப் பதிந்தோம்.

ஒரு நாள் இரவு ஒன்பதரை மணிக்குப் போன் வந்தது. உடனே வரச் சொன்னார்கள். என் மனைவி கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். அதை வைத்து வான் பேசி, அந்த மழையில் ஊவா மலையெல்லாம் இறங்கி, விடியும்போது போய்ச் சேர்ந்தோம். இரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே பிடித்தார்கள், தம்பிக்கு உடுப்பும் மாற்றிவிட்டார்கள். பதினொரு மணிக்கு டாக்டர் வந்தார். நின்றபடி பேசாமல் வாங்கில் எங்களோடு உட்கார்ந்தார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. சிறுநீரகம் கொடுத்த மனிதருக்கு இறப்பதற்கு முன் நெடுநேரம் பிரஷர் இறங்கிக் கிடந்ததாம். எடுத்த பிறகும் ஐஸில் அதிக நேரம் இருந்துவிட்டதாம். "வைத்தால் வேலை செய்யாமல் போகலாம், உங்க தம்பிக்கும் ஆபத்து" என்றார். அந்த டாக்டர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர் உண்மையைச் சொன்னார்.

திரும்பி வரும்போது வானில் யாரும் பேசவில்லை. பாதி வழியில் தம்பி கேட்டான்: "அண்ணே, அந்தக் கிட்னிய என்னா செய்வாங்க?"

வீசிவிடுவார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கேள்வியினால்தான் நான் டாக்டர்மாரிடம் கேட்டும், வாசித்தும் இந்த விஷயத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். தெரிந்ததை உங்களிடம் சொல்கிறேன்.

இதை விளங்கிக்கொள்ள நமக்கு டாக்டர் படிப்பு தேவையில்லை. கொழுந்து பறித்த கை போதும். பறித்த கொழுந்துக்கு உயிர் போய்விட்டதா? இல்லை. அது கூடையிலும் மூச்சு விடுகிறது. சாக்கில் இறுக்கி அமுக்கி, லொறி வராமல் மடுவத்தில் கிடந்தால் என்ன ஆகும்? கையை உள்ளே விட்டால் சுடும். சிவந்து போகும். ஸ்டோரில் எடுக்க மாட்டார்கள். பறித்த நேரத்தில் அது நல்ல கொழுந்துதான். பறித்ததற்கும் ஸ்டோருக்கும் நடுவில்தான் கெட்டது.

உடம்பிலிருந்து எடுத்த சிறுநீரகமும் இப்படித்தான். இரத்த ஓட்டம் நின்றாலும் உள்ளே இருக்கிற கலங்கள் உடனே சாவதில்லை. மூச்சுக்குத் தவிக்கும். அந்தத் தவிப்பைக் குறைக்கத்தான் ஐஸ். குளிரில் எல்லாம் மெதுவாக நடக்கும், கெடுவதும் மெதுவாக நடக்கும். நம் நாடு இதை எளிமையாகச் செய்து காட்டியிருக்கிறது. 1961ல் கண் தானச் சங்கத்தைத் தொடங்கிய டாக்டர் ஹட்சன் சில்வா, 1964ல் சிங்கப்பூருக்கு முதலில் கண்களை அனுப்பியபோது, தேத்தண்ணி கொண்டுபோகிற தெர்மோஸ் போத்தலில் ஐஸ் போட்டுத்தான் அனுப்பினாராம். இன்றைக்கு எத்தனையோ நாட்டில் ஆட்கள் இலங்கைக்காரர் கண்ணால் பார்க்கிறார்கள்.

ஆனால் கருவிழி வேறு, சிறுநீரகம் வேறு. இதயம் என்றால் ஐஸில் நாலு மணி நேரம் அளவுதான் தாங்கும். 2017 ஜூலையில் அநுராதபுரத்திலிருந்து கண்டிக்கு ஒரு இதயத்தைக் கொண்டுவந்து வைத்தார்களே, அப்போது ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. சிறுநீரகம் ஒரு நாள் அளவு தாங்கும். அதிலும் கொடுத்தவர் வயசாளியாகவோ, பிரஷர், சீனி உள்ளவராகவோ இருந்தால் ஏற்கனவே அடிபட்ட சிறுநீரகம். அதனால்தான் நிறைய வீணாகிறது. அமெரிக்கா போன்ற நாட்டிலேயே, எடுத்த சிறுநீரகங்களில் ஏறக்குறைய நாலில் ஒன்று யாருக்கும் வைக்கப்படாமல் போகிறது. ஒரு பக்கம் ஆட்கள் காத்திருந்து சாகிறார்கள். மறுபக்கம் வாளிக்குள் போகிறது.

ஐஸில் போடுவதற்குப் பதிலாக வேறு வழி உண்டா என்று தேடினார்கள். நம் ஸ்டோரில் கொழுந்தைக் குவித்து வைப்பதில்லை. பரப்பி, கீழேயிருந்து காற்றடிக்கிறார்கள். அதே புத்திதான். எடுத்த உறுப்பை ஒரு பெட்டிக்குள் உடம்புச் சூட்டிலேயே வைத்து, அதன் குழாய்களில் பம்ப் போட்டு இரத்தமும் பிராணவாயுவும் சத்தும் ஓட விடுகிறார்கள். அப்போது அந்தச் சிறுநீரகம் பெட்டிக்குள் இருந்தபடியே சிறுநீர் கழிக்கும்! ஈரல் பித்தநீர் சுரக்கும்! கேட்க அதிசயமாக இருக்கும். ஆனால் நடக்கிற விஷயம். கனடாவில் டொரொன்டோ டாக்டர்மார் 2008லிருந்தே நுரையீரலை இப்படி வெளியில் வைத்து, மூச்சு விட வைத்து, பரீட்சித்துப் பார்த்து மனிதருக்கு வைத்து வருகிறார்கள். சுவிட்சர்லாந்தில் ஸூரிச் நகரத்தில், மற்ற இடங்களில் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு ஈரலை மூன்று நாள் மெசினில் வைத்துப் பராமரித்து, 2021ல் ஒருவருக்கு வைத்தார்கள். ஒரு வருடம் கழித்தும் அவர் சுகமாக இருந்தார்.

நேரம் கிடைத்துவிட்டது. கிடைத்த நேரத்தில் என்ன செய்யலாம்? சும்மா காவல் காப்பதை விட, கெட்டுப்போன இடத்தைத் திருத்தலாமே என்று யோசித்தார்கள். இங்கேதான் ஸ்டெம் செல் வருகிறது. தமிழில் மூலக்கலம் என்கிறார்கள்.

கவ்வாத்து வெட்டின மலையைப் பாருங்கள். குச்சிதான் நிற்கும், ஒரு இலை இருக்காது. கொஞ்ச நாளில் அந்தத் தடித்த தண்டிலிருந்து குருத்து வெடிக்கிறது. அந்தக் குருத்து இதுவரை எங்கே இருந்தது? பட்டைக்குள் தூங்கிக்கொண்டு இருந்தது. நம் உடம்பிலும் இப்படித் தூங்குகிற கலங்கள் உண்டு. எலும்பு மச்சையில் உண்டு, மற்ற இடங்களிலும் உண்டு. வெட்டுக்காயம் ஆறுவதும், இரத்தம் புதிதாக ஊறுவதும் இவற்றின் தயவினால்தான். இவற்றை எடுத்து, தவறணையில் கன்று வளர்ப்பது போல ஆய்வுகூடத்தில் பெருக்குகிறார்கள்.

இங்கிலாந்தில் நியூகாசல் என்ற ஊரில் ஒரு பரிசோதனை செய்தார்கள். என் தம்பிக்கு வந்தது போல, யாருக்கும் வைக்க முடியாது என்று ஒதுக்கிய சிறுநீரகங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஆளின் இரண்டு சிறுநீரகத்தையும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மெசினில் ஏழு மணி நேரம் ஓட விட்டார்கள். ஒன்றுக்கு எலும்பு மச்சையிலிருந்து வளர்த்த கலங்களைச் செலுத்தினார்கள். மற்றதற்கு இல்லை. ஒரே மனிதர், ஒரே வயது, ஒரே வருத்தம். ஆகவே வித்தியாசம் தெரிந்தால் அது மருந்தின் வித்தியாசம்தான். நல்ல யோசனை, இல்லையா? கலம் கொடுத்த சிறுநீரகத்தில் சிறுநீர் கூடுதலாக வந்தது, சின்னச் சின்ன நாளங்களில் இரத்தம் நன்றாக ஓடியது, சேதத்தைக் காட்டுகிற அடையாளங்கள் குறைந்தன. 2020, 2021ல் இதை வெளியிட்டார்கள்.

அந்தக் கலங்கள் புதுச் சிறுநீரகமாக முளைத்துவிட்டன என்று நினைத்துவிடாதீர்கள். அவை முளைப்பதில்லை. எரிகிற இடத்தில் எரிச்சலைத் தணிக்கிற சத்துக்களைச் சுரக்கின்றன. வாடின செடிக்குத் தண்ணீரும் உரமும் போட்ட மாதிரி.

உண்மையாகவே கன்று நட்ட மாதிரி ஒரு வேலையைக் கேம்பிரிட்ஜில் செய்தார்கள். 2021 பெப்ரவரியில் வெளிவந்தது. ஈரலுக்குள் பித்தநீர் ஓடும் சின்னக் குழாய்கள் இருக்கின்றன. ஐஸில் வைக்கும்போது முதலில் கெடுவது பெரும்பாலும் அவைதான். டாக்டர் சம்பாசியோடிஸ், பேராசிரியர் வாலியர் ஆகியோரின் குழுவினர் பித்தப்பையிலிருந்து குழாய்க் கலங்களை எடுத்து வளர்த்து, மெசினில் ஓடிக்கொண்டிருந்த மனித ஈரலின் குழாய்களுக்குள் செலுத்தினார்கள். பித்தப்பைக் கலம் ஈரல் குழாயில் போய் ஒட்டிக்கொண்டு, அந்த இடத்துக்கு ஏற்ற குணத்தையும் எடுத்துக்கொண்டது. செத்த செடியைப் பிடுங்கிவிட்டு வெற்றிடத்துக்குத் தவறணைக் கன்று போடுகிறோமே, அதேதான். ஈரலை 100 மணி நேரம் வரைக்கும் வைத்துப் பார்த்தார்கள். பித்தநீர் சீராகியது. இவையும் தானத்துக்கு உதவாது என்று விடப்பட்ட ஈரல்கள்தான். ஒருவருக்கும் வைக்கவில்லை.

"இந்தக் கலத்தை நேரே நோயாளிக்கே ஊசியாகப் போட்டால் என்ன?" என்று நானும் ஒரு டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு விளக்கினார். கை நரம்பில் ஏற்றினால், கலங்களில் பெரும்பகுதி முதலில் நுரையீரலில் போய்ச் சிக்கிக்கொள்ளும். சிறுநீரகத்துக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். பெட்டிக்குள் சிறுநீரகம் மட்டும் இருக்கும்போது, போடுவது எல்லாம் அதற்கே போகும். நோயாளியின் உடம்புக்கு ஆபத்தும் இல்லை. பலன் இல்லாவிட்டால் அந்த உறுப்பை விட்டுவிடலாம், மனிதனை விட வேண்டியதில்லை.

இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் எங்கள் வீட்டுக்கே ஒருவர் வந்தார். வெளிநாட்டில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் கிட்னி பழையபடி வரும், இத்தனை லட்சம், முன்பணம் கொடுங்கள் என்று படம் போட்ட கடுதாசி காட்டினார். அம்மா காணி உறுதியைக்கூடத் தேட ஆரம்பித்துவிட்டார். இல்லாத காணிக்கு ஏது உறுதி, அது வேறு கதை! செயலிழந்த சிறுநீரகத்தை ஊசியால் திருப்பிக் கொண்டுவருகிற வைத்தியம் இன்றைக்கு உலகத்தில் எங்கும் இல்லை. நான் சொன்ன பெட்டி வேலையும் ஆராய்ச்சியாகத்தான் நடக்கிறது. மூலக்கலம் போட்டுத் திருத்திய உறுப்பை வைப்பது எந்த நாட்டிலும் இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை.

பெரிய டாக்டர், பெரிய ஆஸ்பத்திரி என்றாலும் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. மக்கியரினி என்ற இத்தாலிய சத்திர சிகிச்சை நிபுணர், சுவீடனில் 2011லிருந்து பிளாஸ்டிக்கினால் செய்த மூச்சுக்குழாயில் நோயாளியின் மூலக்கலங்களைப் பூசி வைத்தார். உலகமே புகழ்ந்தது. வைத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் இறந்துபோனார்கள். 2023ல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை வருடச் சிறைத்தண்டனை விதித்தது. நியூகாசல்காரர்கள் வீசப்போகிற சிறுநீரகத்தில் பரீட்சித்தார்கள். இவர் உயிருள்ள மனிதரில் பரீட்சித்தார்.

இன்னொரு வகை ஆளும் வருவார். அவர் உங்களிடம் கிட்னி விற்க வரமாட்டார், வாங்க வருவார். கல்யாணக் கடன், அடகு, சீட்டு என்று கஷ்டப்படுகிற வீடாகப் பார்த்து வருவார். "ஒண்ணு போதும்யா, மத்தது சும்மாதானே கெடக்கு" என்பார். சென்னையில் கிட்னி விற்ற 305 பேரைத் தேடிக் கண்டுபிடித்து விசாரித்த ஒரு ஆய்வு 2002ல் வெளிவந்தது. நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்கத்தான் விற்றார்கள். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. முக்கால்வாசிப் பேர் அப்போதும் கடன்காரர்கள். கூடை தூக்கி மலை ஏற முடியாமல் போனால் நம் வீட்டிலும் இதே கணக்குத்தான் வரும். இலங்கையில் 1987ம் ஆண்டின் 48ம் இலக்கச் சட்டப்படி உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். உறவுக்காரருக்கு மனதாரக் கொடுப்பது வேறு. அதைக் குறை சொல்லவில்லை.

பெட்டி எவ்வளவு கெட்டிக்காரப் பெட்டியாக இருந்தாலும், அதற்குள் வைக்க யாராவது ஒருவர் கொடுத்த சிறுநீரகம் வேண்டும். தமிழ்நாட்டில் 2008ல் ஹிதேந்திரன் என்ற பதினைந்து வயதுப் பையன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, டாக்டர்களான தாயும் தகப்பனும் அவனுடைய உறுப்புகளைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே சனங்களுக்குப் பயம் தெளிந்தது. 2023லிருந்து உறுப்பு தானம் செய்தவரின் இறுதிக் கிரியையை அரச மரியாதையோடு நடத்துகிறார்கள். நம்மிடையே, உடம்பைக் கீறிவிட்டால் அடுத்த பிறவியில் குறையாகப் பிறக்கும் என்று பயப்படுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். எங்க அம்மாவும் அப்படித்தான் சொன்னாங்க. மகன் மெசினில் படுத்த பிறகு அம்மா அதைப் பற்றிப் பேசுவதில்லை. மூளைச்சாவு என்பது மயக்கம் இல்லை, திரும்ப எழும்பாத சாவு. சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள், கேட்பது தப்பில்லை. வீட்டில் ஒருநாள் சாப்பிட்டுவிட்டு இருக்கும்போது இதைப் பேசிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் அழுதுகொண்டு நிற்கும்போது பேசுவது மிகவும் கஷ்டம்.

நேரம் போய்விட்டது என்று தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். கடைசியாக, மேப்பிரிவு அக்கா ஒருவர் எழுதிக் கொடுத்த கேள்வி: "கிட்னி வருத்தம் தண்ணியால வருதா?" நம் பதுளை மாவட்டத்திலேயே கிராந்துருகோட்டைப் பக்கம் விவசாயிகளுக்கு, சீனியும் பிரஷரும் இல்லாமலேயே சிறுநீரகம் பழுதாகிறது. அதன் காரணத்தைப் பற்றி நிபுணர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆனால் என் மருந்தகத்துக்கு வருபவர்களில் நான் காண்பது பெரும்பாலும் கவனிக்காத சீனி, கவனிக்காத பிரஷர். அதோடு இடுப்பு உளைச்சலுக்குக் கடையில் வாங்கி மாதக்கணக்காகப் போடும் வலிக் குளிசை. அதுவும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இன்றைக்கு அந்த மூலையில் மேசை போட்டிருக்கிறார்கள். பிரஷர் பார்க்கிறார்கள், விரலில் குத்திச் சீனி பார்க்கிறார்கள், சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்கிறார்கள். எறும்பு கடித்த அளவுதான் வலிக்கும். ஆம்பளைகள்தான் வரிசையில் குறைவாக நிற்கிறீர்கள்!

தம்பி அதோ, கதவோரம் உட்கார்ந்திருக்கிறான். போன வாரம் அவனிடம் இந்தப் பெட்டி விஷயத்தையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அன்னைக்கி அந்தக் கிட்னிய அந்த மாதிரிப் பொட்டியில வச்சிருந்தா சரியா வந்திருக்குமாண்ணே?" என்றான். வந்திருக்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாளைக்கு டயலிசிஸ், அஞ்சு மணி பஸ்ஸுக்கு எழுப்பிவிடு" என்று சொல்லிப் படுத்துவிட்டான்.